கேள்வி - பதில்: காரைக்குடியில் ஒரு வியட்நாம் சாப்பாட்டுக் கடை

போன மாதம் வேறு எதற்கோ பதில் எழுதும்போது, காரைக்குடியில் நான் அடிக்கடி போகிற ஒரு வியட்நாம் சாப்பாட்டுக் கடையைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும். கடையின் பெயரைப் போட்டால் விளம்பரம் ஆகிவிடும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டதால் பெயர் மட்டும் வராது.

கே: செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு வியட்நாம் சாப்பாடா? நம் ஊர் மெஸ் எல்லாம் உங்களுக்கு அலுத்துப்போய்விட்டதா? அந்தக் கடை எப்படித்தான் உங்கள் கண்ணில் பட்டது?
*கோட்டையூர் வாசகர்*

அலுக்கவில்லை ஐயா. ஞாயிற்றுக்கிழமை மதியம் இன்றைக்கும் எனக்கு இலை போட்டு நாட்டுக்கோழிக் குழம்புதான், அதில் மாற்றமில்லை. கடை கண்ணில் பட்டதில் என் சாமர்த்தியம் எதுவும் கிடையாது. மழைக்கு ஒதுங்கினேன், அவ்வளவுதான். நூறடி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில் முன்பு மருந்துக்கடை இருந்த இடம். அந்தக் கண்ணாடி அலமாரியை அவர்கள் எடுக்கவே இல்லை, மாத்திரை அட்டை அடுக்கியிருந்த தட்டுகளில் இப்போது வெள்ளைக் கிண்ணங்கள் கவிழ்ந்திருக்கின்றன. மேசை நாலே நாலு. கடைக்காரர் தேவகோட்டைப் பக்கம், சிங்கப்பூரில் ஒரு வியட்நாம் கடையின் அடுப்படியில் பல வருஷம் நின்றவர். அவர் வீட்டம்மா கல்லாவிலும் இருப்பார், கூட்டம் வந்தால் சுருள் சுற்றவும் உட்கார்ந்துவிடுவார்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வாசனை. உள்ளே அன்னாசிப்பூவும் பட்டையும் கொதிக்கிற வாசனை, கூடவே இஞ்சியை நெருப்பில் காட்டிக் கருக்கின மாதிரி ஒன்று. பிரியாணி என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வந்தது ஒரு பெரிய கிண்ணம், தெளிந்த தேன்நிறச் சாறு, அதில் பட்டையான அரிசி நூடுல்ஸ், மேலே கோழியை நார்நாராகப் பிய்த்துப் போட்டு வெங்காயத்தாள் தூவியிருந்தது. இதுதான் ஃபோ. எண்ணெய் பொட்டுப்பொட்டாக மினுங்குகிறது, ஆனால் சாற்றின் வழியே கிண்ணத்தின் அடி தெரிகிறது. நம் ஊரில் குழம்பின் அடி தெரிந்தால் சமைத்தவரைச் சும்மா விடுவோமா? இங்கே அது தெரிந்தால்தான் சமையல்காரருக்கு மரியாதையாம். அன்றைக்கு மழை விட்ட பிறகும் நான் எழுந்திருக்கவில்லை, இன்னொரு கிண்ணம் சொல்லலாமா என்று வெட்கத்தோடு யோசித்துக்கொண்டிருந்தேன்.

கே: எங்கள் ஐயா சைகோனில் கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போனவர்கள். வீட்டில் சைகோன் பேச்சு அடிக்கடி வரும். ஆனால் அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி ஐயாவும் சொன்னதில்லை, அப்பத்தாவும் சொன்னதில்லை. பர்மாவிலிருந்து கவுனி அரிசி வந்ததே, சைகோனிலிருந்து நமக்கு ஒன்றும் வரவில்லையா?
*பள்ளத்தூர் ஆச்சி ஒருவர்*

ஆச்சி, வந்த கடிதங்களிலேயே என்னை ரொம்ப யோசிக்க வைத்தது உங்களுடையதுதான்.

1859-இல் பிரெஞ்சுக்காரர்கள் சைகோனைப் பிடித்தார்கள். அடுத்த சில வருஷங்களில் வியட்நாமின் தென்பகுதி, கொச்சின்சைனா என்ற பெயரில் அவர்கள் காலனி ஆனது. மேகாங் ஆற்றுப் படுகையில் காடும் சதுப்புமாகக் கிடந்ததெல்லாம் நெல் வயலாக மாற, விதைக்கும் அறுப்புக்கும் பணம் தேவைப்பட்டது. வங்கி பெரிய புள்ளிகளுக்குத்தான் கதவைத் திறந்தது. மற்றவர்களுக்கு வட்டிக்குக் கொடுக்க நம் நகரத்தார் இருந்தார்கள். கூடவே பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழர்கள் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார்கள், தமிழ் முஸ்லிம்கள் துணி வியாபாரத்துக்குப் போனார்கள். நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் சைகோன் நடுவில் இருக்கிறது. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, அங்கே நம்மவர்களைவிட வியட்நாமியப் பெண்கள்தான் ஊதுபத்தியோடு வரிசையில் நிற்கிறார்கள். 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசலும் அங்கேதான். முப்பதுகளின் பொருளாதார மந்தம், அப்புறம் உலகப்போர், பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் பலர் திரும்பிவிட்டார்கள். 1975 ஏப்ரல் 30-இல் சைகோன் விழுந்த பிறகு மிச்சமிருந்தவர்களும் பெரும்பாலும் கிளம்ப வேண்டியதாயிற்று.

இத்தனை வருஷப் புழக்கத்தில் அந்த ஊர்ச் சாப்பாடு ஒன்றுகூட நம் வீட்டு வளவுக்குள் ஏன் வரவில்லை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். போனவர்கள் ஆண்கள், அதுவும் மூன்று வருஷக் கணக்கில். எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, கடையைப் பார்த்துக்கொள்கிற முதலாளாகித் திரும்புவார்கள். தங்கியது கிட்டங்கியில், அதாவது தொழிலும் தங்கலும் சேர்ந்த கட்டடத்தில், ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் பாயும். சமையலுக்கு ஆள் நம் ஊரிலிருந்தே போவார். வெளியே தெருவில் கறியும் எலும்பும் கொதித்தன, கோயில் வைத்துக் கும்பிட்டவர்கள் அதன் பக்கம் எப்படித் திரும்புவார்கள்? உங்கள் அப்பத்தாவோ ஊரை விட்டு நகரவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டு, சுவைத்துப் பார்த்து, தன் அடுப்பில் செய்து பார்க்கிற ஆள் அங்கே இல்லாதபோது அந்த ஊர்ச் சமையல் எப்படி உள்ளே வரும்?

பாண்டிச்சேரியைப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அவர்கள் குடும்பத்தோடு போனார்கள், சிலர் வியட்நாமியப் பெண்களையே கட்டிக்கொண்டார்கள். சைகோனிலிருந்து திரும்பிய அந்தக் குடும்பங்களில் இன்றைக்கும் விசேஷம் என்றால் நெம் பொரிக்கிறார்கள், அரிசித் தாளில் கறியைச் சுற்றி எண்ணெயில் போடுகிற அதே வியட்நாம் சுருள்.

எதிர்ப்பக்கம் ஒன்று போயிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வியட்நாமில் ‘கா ரி கா’ என்று ஒரு கோழிக்கறி உண்டு. நம் மாதிரியான கறிப்பொடி, தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, எலுமிச்சைப்புல் எல்லாம் போட்டுக் கொஞ்சம் நீர்க்கவே வைப்பார்கள், தொட்டுக்கொள்ள பிரெஞ்சு ரொட்டி. இந்தியர்கள் வழியாகப் போன பழக்கம் என்றுதான் அங்கேயும் சொல்கிறார்கள். நம் கடைக்காரர் வெள்ளிக்கிழமை மட்டும் செய்கிறார். ஒருமுறை வந்து சாப்பிட்டுவிட்டு, உங்கள் ஆத்தா வைத்த குழம்புக்குத் தூரத்துச் சொந்தமா இல்லையா என்று நீங்களே எழுதுங்கள். கவுனி அரிசியும் அங்கே உண்டு ஆச்சி. கறுப்பு ஒட்டரிசியை அவித்துத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் தளர இருக்கும், நம் கல்யாண வீட்டுப் பதம் எதிர்பார்க்காதீர்கள்.

கே: நீங்கள் எழுதியதை நம்பி நண்பர்களோடு போனேன். ஃபோ 220 ரூபாய். சப்பென்று இருந்தது. மசாலா இல்லை, காரம் இல்லை, வெந்நீரில் சேமியா போட்ட மாதிரி. இதற்கா இவ்வளவு பில்டப்?
*அமராவதிபுதூர், கல்லூரி மாணவர்*

தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கூடவே ஒரு தட்டில் இலையும் எலுமிச்சையும் வந்ததே, அதை என்ன செய்தீர்கள்? அலங்காரம் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். தெற்கு வியட்நாம் பாணியில் ஃபோ உங்கள் முன்னால் வரும்போது அது பாதிச் சமையல்தான், மீதியை முடிக்க வேண்டியவர் நீங்கள்.

முதலில் ஒன்றும் போடாமல் இரண்டு கரண்டி சாறு குடியுங்கள். அப்புறம் முளைப்பயறைச் சூடான சாற்றுக்குள் அமுக்கிவிடுங்கள், அதில் பாதி வேகும். இலைகளைக் காம்போடு போடாமல் கையால் கிள்ளிப் போட வேண்டும். அந்தத் தட்டில் இருக்கிற ஊதாத் தண்டு இலை வேறொன்றுமில்லை, நம் திருநீற்றுப்பச்சிலை ஜாதி, கடைக்காரர் பின்கட்டில் தொட்டி வைத்து வளர்க்கிறார். எலுமிச்சை பிழிந்து, பச்சைமிளகாய் வட்டத்தை உங்கள் தைரியத்துக்குத் தக்கபடி போடுங்கள். நூடுல்ஸை முதலில் காலி செய்யுங்கள், போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊறிக் கூழாகிவிடும். கறுப்பாகவும் சிவப்பாகவும் பாட்டிலில் இருக்கிற சாஸ் இரண்டையும் கிண்ணத்தில் கவிழ்ப்பவர்களைப் பார்க்கிறேன். சைகோனிலேயே அப்படிச் செய்கிறவர்கள் உண்டு, தப்பில்லை. ஆனால் சின்னத் தட்டில் ஊற்றிக் கறியைத் தொட்டுச் சாப்பிட்டால் சாறு கெடாது. ஹனோய்க்காரர்கள் இந்த இலை, சாஸ் எல்லாவற்றையுமே வேண்டாத வேலை என்பார்கள். ஃபோ வடக்கே பிறந்தது. 1954-இல் நாடு இரண்டானபோது லட்சக்கணக்கான பேர் வடக்கிலிருந்து தெற்கே வந்தார்கள், அவர்களோடு தெற்கில் பரவிய ஃபோவில் தெற்கத்திக்காரர்கள் தங்கள் தோட்டத்தையே கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள்.

மசாலா இல்லை என்கிறீர்கள். இருக்கிறது தம்பி, கண்ணுக்குத் தெரியவில்லை. ஒருநாள் காலையில் கடைக்காரர் என்னை அடுப்படிக்குள் விட்டார். எலும்பை முதலில் ஒரு கொதி கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரைப் பூராவும் கீழே கொட்டி, எலும்பைக் குழாயடியில் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவுகிறார். அப்புறம் புதுத் தண்ணீர், மெல்லிய தீ. தளதளவென்று கொதிக்கவே கூடாது, கொதித்தால் கலங்கிவிடும். நுரை வர வர எடுக்க வேண்டும். முழு வெங்காயத்தையும் இஞ்சியையும் தோலோடு நெருப்பில் போட்டுக் கரியாக்கி, கரியைச் சுரண்டிவிட்டு உள்ளே போடுகிறார். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, மல்லி, பெரிய ஏலக்காய் ஜாதியில் ஒன்று, இவற்றை வெறும் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து சாற்றுக்குள் இறக்கி, வாசனை இறங்கினதும் எடுத்துவிடுகிறார். கடைசியில் மீன் சாறும் கற்கண்டும். கல்பாசியும் மராட்டி மொக்கும் தவிர நம் மசாலா டப்பாவில் பாதி உள்ளே போய் வந்திருக்கிறது. நாம் அரைத்துக் கரைக்கிறோம், அவர்கள் வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு பொருளை எடுத்துவிடுகிறார்கள். நம் கடைகளுக்கு வருகிற அன்னாசிப்பூவே பெரும்பாலும் தென்சீனத்திலும் வடவியட்நாமில் லாங் சோன் பக்கத்திலும் விளைந்ததுதான். அந்த மரத்துக்குச் சொந்த ஊர் அது.

இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் ஊற்றும்போது காரம் எங்கே என்று யாரும் கேட்பதில்லையே. இன்னொரு முறை போங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், எல்லாருக்கும் எல்லாம் பிடிக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

கே: நாங்கள் சைவம். மகள் அங்கே போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். நம்பிப் போகலாமா?
*குன்றக்குடி வாசகி*

போகலாம், ஆனால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள் அம்மா. வியட்நாம் சமையலில் நீங்கள் கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரிகிற கறியை அல்ல, கண்ணுக்குத் தெரியாத மீன் சாற்றை. நெத்திலியும் உப்பும் பெரிய மரத் தொட்டிகளில் அடுக்கி ஏறக்குறைய ஒரு வருஷம் ஊறவிட்டு இறக்குகிற சாறு அது. ஃபூ கோக் தீவிலும் ஃபான் தியெட்டிலும் செய்வது பேர் பெற்றது. உப்புக்குப் பதில் அதைத்தான் அவர்கள் எங்கும் ஊற்றுகிறார்கள். காய்கறிச் சுருள்தானே என்று எடுப்பீர்கள், தொட்டுக்கொள்கிற தண்ணீர் மாதிரி சாஸில் அது இருக்கும். காய் வதக்கலில் இருக்கும். பப்பாளிக்காய் சாலட்டில் கட்டாயம் இருக்கும்.

அதே சமயம் சுத்த சைவச் சமையலும் வியட்நாமில் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் கறி மீன் தொடுவதில்லை, அதாவது நம் கணக்கில் அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும். கட்டுப்பாடாக இருப்பவர்கள் வெங்காயம் பூண்டும் சேர்ப்பதில்லை. மீன் சாற்றுக்குப் பதில் சோயாவில் செய்ததை ஊற்றுகிறார்கள். காரைக்குடிக் கடையில் சைவச் சாறு தனிப் பாத்திரத்தில் வைக்கிறார்கள், முள்ளங்கி, கேரட், சோளக்கதிர், காளான் போட்டு. ஆனால் தினமும் கிடையாது, முதல் நாளே போன் செய்து சொல்ல வேண்டும். கரண்டி தனியா என்று நான் பார்த்த அளவில் தனிதான். அதே அடுப்படியில் கோழி வேகிறது என்பதே உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் மகளைச் சமாதானம் செய்துவிடுங்கள், கண்டனூர்ப் பக்கம் பால் பணியாரம் வாங்கிக் கொடுத்து.

கே: மாட்டுக்கறி போடுகிறார்களா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.
*தேவகோட்டை வாசகர்*

இல்லை.

(வியட்நாமில் ஃபோ என்றாலே முதலில் மாடுதான். இங்கே கோழி மட்டும். யாருக்குப் பயந்து என்று சண்டைக்கு வராதீர்கள், கடைக்காரர் வீட்டிலேயே சாப்பிடுவதில்லை.)

கே: காபி சொன்னேன். டம்ளர் மேல் ஒரு தகரக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தது. எனக்குப் பஸ்ஸே போய்விட்டது. ஃபில்டர் அடைத்துக்கொண்டதா?
*கானாடுகாத்தான் வாசகர்*

அடைக்கவில்லை, அதன் வேகமே அதுதான். நம் வீட்டு ஃபில்டரில் ராத்திரியே டிகாக்ஷன் இறக்கி வைத்துவிட்டுக் காலையில் அவசரமாகக் கலக்குகிறோம். அவர்கள் அந்த இறங்கும் நேரத்தையும் மேசைக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். டம்ளரின் அடியில் டின் பால் இருக்கும், நாலைந்து நிமிஷத்தில் மேலே கறுப்பாக ஒரு அடுக்கு சேரும். கலக்கி, ஐஸ் போட்ட டம்ளருக்கு மாற்றிக் குடிக்க வேண்டும். தட்டுவது, மூடியை அமுக்குவது, ஊதுவது எதுவும் உதவாது. பஸ் பிடிக்க வேண்டியவர் எதிரே டீக்கடைக்குப் போவதே உத்தமம்.

1857-இல் பிரெஞ்சுப் பாதிரிமார் வியட்நாமுக்குக் கொண்டுவந்த செடி காபி. இன்றைக்கு உலகத்தில் பிரேசிலுக்கு அடுத்து அதிகமாகக் காபி விளைவிப்பது வியட்நாம், அதில் பெரும்பகுதி கசப்புத் தூக்கலான ரொபஸ்டா ரகம். அந்தக் கசப்புக்கு டின் பால்தான் சரியான ஜோடி. அந்தக் காலத்தில் அங்கே பசும்பால் எளிதில் கிடைக்காததால் வந்த பழக்கம், கிடைக்கிற காலத்திலும் விடவில்லை. கடைக்காரர் குடகு ரொபஸ்டாவைக் கொஞ்சம் கருக வறுத்துச் சமாளிக்கிறார். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது, ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் குடித்தால் ராத்திரி விட்டத்தை எண்ணிக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

கே: அந்தக் கண்ணாடி மாதிரியான சுருளை வீட்டில் செய்து பார்த்தேன். அரிசித் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக் கையோடு வந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?
*புதுவயல் வாசகி*

வெந்நீரில் ஊறப்போட்டிருப்பீர்கள். அங்கேதான் எல்லோருக்கும் போகிறது. அகலமான தட்டில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி, தாளை உள்ளே விட்டு இரண்டு மூன்று வினாடியில் எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது விறைப்பாகத்தான் இருக்கும், ஐயோ ஊறவில்லையே என்று திரும்ப முக்காதீர்கள். ஈரமான பலகையில் போட்டுவிட்டு உள்ளே வைக்கிறதை அடுக்குங்கள், நீங்கள் அடுக்கி முடிப்பதற்குள் அது தானாக இளகிவிடும். அந்தக் கடை அம்மா செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தன் பக்கத்து ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி லெட்டூஸ் இலை, அதன் மேல் வெந்த சேமியா ஒரு பிடி, வெள்ளரி, கேரட், புதினா. முதல் சுற்று சுற்றி இரண்டு பக்கமும் மடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் நீளவாக்கில் பிளந்த இறாலை வரிசையாக, சிவந்த பக்கம் கீழே இருக்கும்படி வைக்கிறார். அடுத்த சுற்றில் அது மேலே வந்து தோல் வழியாகத் தெரிகிறது. ஒருநாளும் நிறைய வைப்பதில்லை, வைத்தால் கிழியும்.

அரிசி சேமியா இல்லையென்றால் நம் வீட்டு இடியாப்பத்தை ஆறவைத்து உதிர்த்து வைக்கலாம், நான் வைத்தேன், ஒரு குறையும் இல்லை. செய்த சுருள்களை ஒன்றோடொன்று உரசாமல் வைத்து ஈரத்துணி போட்டு மூடுங்கள். பிரிட்ஜில் வைத்தால் தோல் போல ஆகிவிடும். தொட்டுக்கொள்ள வறுத்த நிலக்கடலையைக் கரகரப்பாக அரைத்து, கொஞ்சம் சோயா சாஸ், கொஞ்சம் வெல்லம், புளிப்புக்கு எலுமிச்சை. இது அசல் முறை கிடையாது, ஆனால் புதுவயலில் இதற்கு மேல் என்ன செய்வது?

கே: அங்கே தேறாத ஐட்டம் ஒன்றுகூடவா இல்லை? ஒரேயடியாகப் புகழ்கிறீர்களே.
*செக்காலை வாசகர்*

இருக்கிறது. பான் மீ. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நீள ரொட்டியை மெலிதாக, மொறுமொறுவென்று செய்து, நடுவில் கீறி, கறி, ஊறவைத்த கேரட் முள்ளங்கி, மல்லித்தழை, மிளகாய் வைப்பது. அந்த ரொட்டி கடித்தால் உடைந்து சட்டையெல்லாம் தூள் விழ வேண்டும். இங்கே பக்கத்து பேக்கரியில் சொல்லிச் செய்கிற ரொட்டி நம் பன் மாதிரி மெத்தென்று இருக்கிறது, உள்ளே என்ன வைத்தாலும் எடுபடவில்லை. அவரிடமே சொன்னேன். தெரியும், அடுப்பு கிடைக்கட்டும் என்றார். பான் செய்யோவும் நாளைப் பொறுத்தது. அரிசிமாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து, புளிக்கவிடாமல் கல்லில் மெல்ல ஊற்றி, இறாலும் முளைப்பயறும் வைத்து மடிக்கிறது. கூட்டம் இல்லாத நேரத்தில் கேட்டால் ஓரம் முறுகலாக வரும். கூட்டத்தில் கேட்டால் நனைந்த தோசைதான்.

கே: வியாபாரம் சுமார் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே செட்டிநாடு சிக்கன், பரோட்டா போட்டால் கூட்டம் அள்ளுமே? அவருக்கு இது தெரியாதா?
*சாக்கோட்டை வாசகர்*

தெரியும். நானே கேட்டிருக்கிறேன். அடுப்பைக் காட்டினார். இருப்பது இரண்டே பர்னர், அதில் ஒன்றில் விடியற்காலையிலிருந்து ராத்திரி வரை சாற்றுப் பானை உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் மிளகும் சோம்பும் வறுபட்டால் அந்த நெடி நேராகச் சாற்றில் போய் இறங்கும், நாள் முழுக்க நுரை எடுத்ததெல்லாம் வீண். இது அவர் சொன்ன காரணம். என் காரணம் வேறு. செட்டிநாடு சிக்கன் என்ற போர்டு லண்டன் வரைக்கும் தொங்குகிறது, அந்தப் பெயரில் எதையெதையோ சிவப்பாகக் கலக்கி ஊற்றுகிறார்கள், அதைப் பார்த்து நமக்குத்தானே முதலில் வயிறு எரிகிறது? நம் சாப்பாட்டை அடுத்த ஊர்க்காரன் அவன் வசதிக்கு வளைத்தால் கோபப்படுகிற நாம், இன்னொருவன் சாப்பாட்டில் கிரேவி ஊற்றச் சொல்வது என்ன நியாயம்?

கூட்டம் வேறு விதத்தில் வரும். 2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு, அதாவது பழைய சைகோனுக்கு, நேரடி விமானம் தொடங்கியது. அதற்கப்புறம் நம் பக்கத்து ஆட்கள் குடும்பத்தோடு போய்வர ஆரம்பித்தார்கள். அப்படிப் போய்வந்தவர்கள் நாக்கில் ருசியோடு இந்தக் கடையைத் தேடி வருவதை நானே பார்க்கிறேன். சனி, ஞாயிறு பல்கலைக்கழகப் பிள்ளைகள் வருகிறார்கள், நாலு பேர் சேர்ந்து ஒரு கிண்ணம் வாங்கி நாற்பது போட்டோ எடுக்கிறார்கள். கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை, ஆனால் எனக்குச் சுளிக்கிறது. செவ்வாய், புதன் சாயங்காலம் போனால் நாலு மேசையும் காலி, மின்விசிறி மட்டும் சுற்றும். இந்த மாதிரிக் கடை வாரநாளில் வருகிற பத்து வீட்டுக்காரர்களை நம்பித்தான் பிழைக்க முடியும். எனவே போகிறவர்கள் வாரநாளில் போங்கள், ஆளுக்கொரு கிண்ணம் சொல்லுங்கள், பிடிக்கவில்லையென்றால் கல்லாவிலேயே நேருக்கு நேர் சொல்லிவிட்டு வாருங்கள், வீட்டுக்குப் போய் ஒரு நட்சத்திரம் குத்தாதீர்கள். எட்டரைக்கு மேல் போகாதீர்கள், சாறு தீர்ந்திருக்கும். பார்சல் வேண்டுமென்றால் சாற்றுக்கு ஒரு தூக்கு, நூடுல்ஸுக்கு ஒரு டப்பா என்று தனித்தனியாகக் கொண்டுபோங்கள், சேர்த்து ஊற்றி எடுத்துவந்தால் கோட்டையூர் தாண்டுவதற்குள் களியாகிவிடும்.

கே: பெண்ணுக்கு ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் பேசிப்போக வருகிறார்கள். பையன் வெளிநாட்டில் இருப்பவர். புதுமையாக இருக்கட்டும் என்று அந்த வியட்நாம் கடையில் சாப்பாடு வைக்கலாமா?
*வலையபட்டி வாசகர்*

தயவுசெய்து வேண்டாம் ஐயா. ஃபோவைச் சத்தம் வராமல் உறிஞ்ச எனக்கே இன்னும் வரவில்லை, புதுச் சம்பந்தி முன்னால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமா? அதுவும் பையனின் ஐயா சாறு பரிமாறினதும் சாதம் எப்போது வரும் என்று கேட்பார். வீட்டிலேயே பந்தி போட்டு, கவுனி அரிசியோடு ஆரம்பித்து, இளங்குழம்பு, மண்டி என்று முறையாக அனுப்பிவையுங்கள். பேசி முடிந்து பூ வைத்த பிறகு பிள்ளைகள் இரண்டு பேரையும் மட்டும் ஒரு புதன்கிழமை சாயங்காலம் அந்தக் கடைக்கு அனுப்புங்கள். அந்தக் காபி இறங்குகிற நேரத்துக்குள் பேசிக்கொள்ள வேண்டியதையெல்லாம் பேசிவிடுவார்கள்.